இருநூறு குறைய

விளம்பரத்தில் நான் எழுதியது:
லிங்கன் கான்டினென்டல், அறுபத்து நாலாம் வருடம்,
நாலு கதவு, மடங்கும் கூரை,
வெள்ளை உடம்பு, சிவப்புத் தோல் இருக்கை.
பதினெட்டு அடி நீளம்;
உங்கள் கராஜை அளந்துவிட்டு வரவும்.

எழுதாமல் விட்டது நிறைய.
எங்கள் கராஜில் அது அடங்கவில்லை.
பின்சுவரை உடைத்து
நாய்க்கூண்டு அளவில் ஒரு பலகைப் பெட்டியை
அதன் மூக்குக்கென்றே கட்டினோம்.
கோழி வளர்க்கிறீர்களா என்று
தபால்காரர் கேட்பார்.

அந்தக் கோடையில் ஆலங்கட்டி
மக்காச்சோளத்தை நார்நாராய்க் கிழித்துப் போட்டது.
காப்பீட்டுக் காசோலையோடு
ஒமாஹாவுக்கு விதை வாங்கப் போன ஆர்லென்
இதை ஓட்டிக்கொண்டு வந்தான்.
வானம் எறிந்த கல்லுக்குக் கிடைத்த பணத்தில்
கூரை திறக்கிற கார்!
பதினொரு நாள் அவனோடு பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள்
பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து
"ஓட்டு" என்றேன்.

பின்கதவு பின்பக்கமாய்த் திறக்கும்.
குனிந்து, நெளிந்து இறங்க வேண்டாம்.
ஆளை முழுசாக, நேராக
வெளியே விடும்.
தீவனக் கடை வாசலில்கூட
யாரோ ஒருத்தி வந்திறங்கியது போலிருக்கும்.
கொஞ்ச காலம்
அந்த யாரோ ஒருத்தியாக இருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆர்லென் அரிசோனா போனான்.
மழையில்லாத ஊர், கூரையே வேண்டாம்.
ஆனால் இழுவண்டி வீட்டை இதில் மாட்ட முடியாதென்று
ஒரு பிக்கப் வாங்கிக்கொண்டான்.
நிலம் வங்கிக்கு, வீடு எனக்கு.
விவாகரத்துப் பத்திரத்தில்
காரை எழுத வக்கீல் மறந்துவிட்டார்.
நானும் நினைவுபடுத்தவில்லை.

மார்ச் மாதம்,
பிளாட் ஆற்றில் பெருங்கொக்குகள் இறங்குகிற வாரம்,
லாரியோடு வந்தான் டிரெண்ட் வாவ்ரா.
கோணல் பல்லைக் கம்பி கட்டித் திருத்துகிற வைத்தியன்.
மண்டியிட்டு அடிவயிற்றில் துருவைத் தேடினான்.
கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக்
கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான்.
எங்கே இரும்பு, எங்கே புட்டி என்று
அது சொல்லிவிடுமாம்.
எல்லா இடத்திலும் ஒட்டியது.
அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"கூரையை இறக்குங்கள்."

பொத்தானை அழுத்தினேன்.
டிக்கி மூடி வாய் பிளந்தது.
கொக்கிகள் கழன்றன.
கூரை எழுந்தது, நிமிர்ந்தது,
வகுப்பில் கையைத் தூக்கிவிட்டுக்
கேள்வி மறந்துபோன பையனைப் போல
அப்படியே நின்றது.

மோட்டார் முனகியது.
ஆற்றுப் பக்கம் கொக்குகளின் கரகரப்பு.
பொடிப்பொடியாய்ப் பனி வேறு,
சிவப்புத் தோலின்மேல்.

ரிலே, பம்ப், வயரிங் என்று
விரல் மடக்கி எண்ணினான்.
"இருநூறு டாலர் குறைத்துக்கொள்ளுங்கள்."

எனக்குத் தெரியும்.
டிக்கிக்குள், இடது ஓரம்,
சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.
முஷ்டியால் ஒரே ஒரு குத்து.
ஆர்லெனுக்கே தெரியாது.
அவன் மெக்கானிக்கைக் கூப்பிட உள்ளே போவான்,
நான் அந்த வழியாக நடந்து போவேன்.
அவன் திரும்பி வரும்போது இறங்கியிருக்கும்.
தன் ராசி என்று நினைத்துக்கொள்வான்.

வாவ்ராவைப் பார்த்தேன்.
பனி அவன் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.
"சரி" என்றேன்.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினேன்.
இருநூறு குறைய.

லாரியில் ஏற்றிப் பட்டையால் வரிந்து கட்டினான்.
தூக்கிய கை தூக்கியபடியே
எண்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனது.

அதன் மூக்கு இருந்த பலகைப் பெட்டிக்குள்
எட்டிப் பார்த்தேன்.
ஒரு சோளத் தட்டை, எலிப்புழுக்கை,
எண்ணெய்க் கறை.

புதன்கிழமை போன் அடித்தது.
ஒமாஹா எண்.
கோலாச்சிக்குப் பிசைந்து வைத்த மாவு
பாத்திரம் வழியப் பொங்கி நின்றது.
கை சும்மா இல்லை.
இடது ஓரமாய் ஒரு குத்து விட்டேன்.

புஸ்ஸென்று
சொன்ன பேச்சுக் கேட்டு
இறங்கியது.